அரை நாள் கொரியாக்காரி

துமாருக்கு முப்பத்தொரு வயது. எங்கள் கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் நாங்கள் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் எனக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது. காலர் வைப்பது அவள் வேலை. ஆண்டுக்குப் பத்து நாள் விடுப்பு. அந்தப் பத்து நாளும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலையில் தனியாக நடப்பாள். எங்கள் சொந்த மலையில், எங்கள் சொந்த மக்கள் நடுவில். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

போன ஜூலையில், விடுப்பின் நான்காம் நாள், நாரின் என்ற மலை ஊருக்குப் போகும் வேனில் ராத்கா என்ற செக் நாட்டுப் பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைகுறை ரஷ்ய மொழியில் பேச்சு தொடங்கியது. இறங்குவதற்குள் இருவரும் சிநேகிதிகள். இரண்டு நாள் சேர்ந்து நடந்தார்கள். ஆற்றில் விழுந்த ராத்காவின் ஷூ ஒன்றை அரைக் கிலோமீட்டர் துரத்திப் பிடித்தார்கள். மூன்றாம் நாள், மலைமேல் இருக்கும் துயுக் ஏரிக்குப் போக ஒரு கிராமத்தில் குதிரை கேட்டார்கள். வழியில் மூன்று இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். குதிரை இல்லாமல் ஆகாது.

குதிரைக்காரர் ராத்காவுக்கு உடனே சேணம் போட்டார். துமாரிடம் திரும்பினார்.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"பிஷ்கெக்ல இருந்து வர்றேன் அண்ணே."

"அதைக் கேக்கலை. கூட ஆம்பிளை யாரும் வரலையா? வீட்டுல சண்டையா? ஓடி வந்துட்டியா?"

குதிரை தர மறுத்துவிட்டார். இவள் இல்லாமல் நானும் போகமாட்டேன் என்று ராத்கா கத்தினாள். அவளுக்கு விசா முடிய நான்கு நாள்தான் இருந்தது. துமார்தான் அவளைக் குதிரையில் ஏற்றி அனுப்பினாள். பிறகு மலையைச் சுற்றி இரண்டு நாள் தனியாக நடந்து, ஏரிக்குக் கீழே இருக்கும் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை ஊருக்குத் திரும்பினால்தான் திங்கட்கிழமை இயந்திரத்தில் உட்கார முடியும். ஏரியைப் பார்ப்பதென்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அந்த மூன்று ஆற்றுக் கடப்பும் இனிமேல்தான், இங்கேயாவது குதிரை கிடைக்க வேண்டும்.

அங்கே கம்பளிக் கூடாரம் போட்டுப் பயணிகளை வைத்துக்கொள்பவர் சத்தீபல்தி. அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு ஊன்றுகோல், முதுகில் பெரிய பையோடு ஒருத்தி தனியாக வருவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஹலோ! ஹலோ! கொரியா? ஜப்பான்?"

துமார் பொய் சொல்ல நினைத்து வரவில்லை. எங்கள் முகமும் கொரியாக்காரர் முகமும் ஏறக்குறைய ஒரே சாயல்; பொய்யை அவரே தட்டில் வைத்து நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள்.

"கொரியா," என்றாள்.

அவ்வளவுதான், ராஜ மரியாதை. வாசலுக்கு எதிரே, கௌரவ விருந்தாளி உட்காரும் இடம் அவளுக்கு. அவர் மனைவி அனிபா ரொட்டி, பாலேடு, பொரித்த மாவுத் துண்டுகள் எல்லாம் கொண்டுவந்து பரப்பினாள். சாப்பாடு முடிந்ததும் ஏரிக்குப் புறப்பட வெளியே இரண்டு குதிரைகள் சேணத்தோடு நின்றன. ஒன்று அவளுக்கு, ஒன்று வழிகாட்டப்போகும் சத்தீபல்திக்கு.

விருந்தாளிக்குப் புரியாது என்ற தைரியத்தில் அவர் கிர்கிஸில் மனைவியிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

"பாத்தியா, எவ்ளோ தைரியம்! ஒத்தையா இத்தனை தூரம் வந்திருக்கா. பெத்தவன் புலிக்குட்டி மாதிரி வளத்திருக்கான்."

"நம்ம பொண்ணு ஒருத்தி இப்படி வந்தா?" என்று கேட்டாள் அனிபா.

"காலை உடைச்சு அடுப்புல வெப்பேன்."

துமார் பாலேட்டைத் தொட்டு ரொட்டியை மென்றாள். அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் பிறகு என்னிடம் சொன்னாள். எங்கள் விருந்தோம்பலை உலகமே மெச்சுகிறது, நாங்களும் மார்தட்டிக்கொள்கிறோம். தெரியாத நாட்டுக்காரி வந்தால் ஆடு அடிப்போம். அதே பை, அதே கால், அதே புழுதியோடு எங்கள் மொழி பேசுகிறவள் வந்தால் அவள் அப்பன் பெயரைக் கேட்போம். இதற்குப் பெயர் பண்பாடாம். நான் இதை அயோக்கியத்தனம் என்கிறேன்.

சாப்பிட்டு முடிந்தது. சத்தீபல்தி கடவுளுக்கு நன்றி சொல்ல உள்ளங்கைகளை ஏந்தி, "ஓமின்" என்று முகத்தைத் தடவினார். துமாரின் கைகளும் எழுந்து முகத்தைத் தடவி இறங்கின. அவள் கடவுளை நம்பாதவள். ஆனால் மூன்று வயதில் பழகிய கைக்கு அவள் கருத்து தெரியாதே.

வெளிநாட்டுக்காரர்களும் மரியாதைக்கு இதைச் செய்வார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, அரை மூச்சு பிந்தித்தான் செய்வார்கள். ஒன்பது கோடையாக விருந்தாளிகளைப் பார்த்தவர் சத்தீபல்தி. இவள் பிந்தவில்லை.

அவர் முகம் சிவந்தது. கிர்கிஸில் கேட்டார்:

"உன் பேரு என்ன?"

இனி மறைத்துப் பயனில்லை. "துமார்," என்றாள்.

"என் விரிப்புல உக்காந்து, என் ரொட்டியைத் தின்னுக்கிட்டே பொய் சொல்லுவியா?"

"நீங்கதான் கொரியான்னீங்க. கிர்கிஸ்னு சொல்லியிருந்தா ரொட்டி குடுத்திருப்பீங்க, குதிரை குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்! வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"கொரியாக்காரிக்கு ஆனா யார் பதில் சொல்லுவா? அவளுக்கு எலும்பு ரப்பரா?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அனிபா, இவ நம்மாளு!"

"தெரியும்," என்றாள் அனிபா. "கவுந்து கிடந்த ரொட்டியைப் பாத்ததும் நிமித்தி வெச்சா. நம்ம வீட்டுப் பொண்ணுதான் ரொட்டியைக் கவுத்து விட மாட்டா. அப்பவே தெரியும்."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க பெருமையா பேசிட்டிருந்தீங்க. கெடுப்பானேன்?"

சத்தீபல்தி எழுந்தார். "உங்கப்பா நம்பரைக் குடு."

"செத்துட்டார்."

"அண்ணன் தம்பி?"

"ஒரு தம்பி. பதினஞ்சு வயசு. அவனுக்கு ஷூ நாடா நான் கட்டிவிட்டிருக்கேன். அவன்கிட்ட நான் அனுமதி வாங்கணுமா?"

"ஆம்பிளை ஆம்பிளைதான். நம்பரைக் குடு, பேசறேன். அவன் சரின்னா குதிரை. இல்லேன்னா நாளைக்குக் காலையில நடையைக் கட்டு."

காலர் வைக்கிற காசில் அந்தத் தம்பிக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கித் தருபவள் துமார். கோபத்தில் நம்பரைச் சொல்லிவிட்டாள். மேய்ச்சல் நிலத்தில் தொலைபேசி எடுக்காது. எதிர்க் குன்றின் உச்சிக்கு ஏறினால்தான் எடுக்கும். சத்தீபல்தி விறுவிறுவென்று ஏறத் தொடங்கினார்.

அனிபா பாத்திரங்களை எடுக்கவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"அந்த ஏரி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"நீங்க பாத்ததில்லையா அக்கா?"

"பதிமூணு கோடையா இங்க இருக்கேன். பெண்குதிரைங்ககிட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கறக்கணும். எவளுக்கு நேரம்? பாத்துட்டு வர்றவங்களுக்குச் சோறு ஆக்கியிருக்கேன். அவங்க படுத்த மெத்தையை வெயில்ல போட்டிருக்கேன். ஆளுக்கொரு ஃபோட்டோ காட்டுவாங்க. எழுந்திரு."

"அவர் திட்டுவாரே?"

"திட்டாத நாள் எது?"

குன்றின் உச்சியில் அவர் தொலைபேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார். கீழே இரண்டு பெண்கள் இரண்டு குதிரைகளில் ஏறினார்கள். அவர் பார்த்துவிட்டார்.

"ஏய்! எங்கடி போறே? அது என் குதிரை!"

"பால் கறக்குற நேரம்!" அனிபா கையை வாயருகே குவித்துக் கத்தினாள். "வாளி கதவோரமா இருக்கு! சிவப்புக் குதிரை உதைக்கும், பாத்து!"

மூன்று இடத்திலும் ஆற்று நீர் குதிரைகளின் வயிற்றைத் தொட்டது. அனிபாதான் முன்னால் போனாள். குதிரை மேல் வளர்ந்தவள். துமார் சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கடைசி மேட்டில் ஏறியதும் ஏரி தெரிந்தது. பாறைச் சுவர்களுக்கு நடுவே, பச்சை கலந்த நீலத்தில், அசையாமல் கிடந்தது.

அக்கா அழுவாள், இல்லை சிரிப்பாள் என்று துமார் நினைத்தாளாம். அனிபா குதிரையை விட்டு இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். சூரியன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம்," என்றாள். "ரெண்டே ரெண்டு மணி நேரம். இவ்ளோ பக்கத்துலயா வெச்சிருந்தானுங்க?"

குனிந்து ஒரு கல்லை எடுத்து, பலம் கொண்ட மட்டும் ஏரிக்குள் எறிந்தாள். பிறகு இன்னொன்று. கை ஓயும்வரை எறிந்தாள். மூச்சிரைக்கக் கரையில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினாள். பனி உருகிய தண்ணீரில் இரண்டு காலையும் விட்டாள்.

துமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அனிபா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கிளம்பலாமா அக்கான்னு மட்டும் கேட்டே, உன்னைத் தூக்கி இதுக்குள்ள போட்டுருவேன்."