இரண்டு மொழியிலும் இறந்து காட்டியவர்

நெய்யாற்றின்கரை கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து, மனுக்களைத் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாற்றி எழுதிக் கொடுப்பது இப்போது என் பிழைப்பு. போன திங்கட்கிழமை பாறசாலையிலிருந்து வழக்குக்காக வந்த ஒருவர், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, வழியில் பார்த்த ஏதோ சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சாரே, உங்க சினேகிதன் அந்த சினிமாக்காரரு தங்கையன் மரிச்சுப் போனாரு. இன்னைக்குக் காலத்தே ஆக்கும்."

மறுநாள் அடக்கம். பஸ் ஏறுமுன் இரண்டு பத்திரிகை வாங்கினேன். திருவனந்தபுரத்து மலையாளப் பத்திரிகை, தமிழ் நடிகர் ஒருவர் காலமானதாகச் சில வரிகள் போட்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை, மலையாளப் பட நடிகர் ஒருவர் மறைந்ததாகப் போட்டிருந்தது. இவர் நம்முடையவர் அல்லர் என்பதில் இரண்டு பத்திரிகைக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கையன் அண்ணன் பாறசாலை மிஷன் சபையின் உபதேசியாருக்கு மூத்த மகன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்து அவர் உறுமியபோது, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்களாம். அடுத்த வருடம் நெய்யாற்றின்கரையில் ஒரு தமிழ் நாடகக் கம்பெனி கொட்டகை போட்டது. கம்பெனி கிளம்பிய அன்று அவரும் கூடவே கிளம்பிவிட்டார். "வேஷம் போட்டவன் ஏரோதாவே மாறியாச்சு" என்று உபதேசியார் சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகனோடு கடைசி வரை பேசவில்லை.

மதுரை, காரைக்குடி என்று அலைந்து, சென்னைக்குப் போய், ஸ்டுடியோ வாசல்களில் நின்று, ஒரு ராஜா ராணிப் படத்தில் மந்திரி வேஷம் வாங்கினார். வசனத்தைப் பிசிறில்லாமல் பேசினார். இடைவேளையில் டீ குடிக்கப் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "இதோ வாறேன்" என்றார். அவ்வளவுதான்.

"யாருப்பா இது, மலையாளியா?" என்று கேட்டாராம் உதவி டைரக்டர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் தமிழனாக்கும்" என்றார் அண்ணன்.

அதைக் கேட்டு முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அந்த ஸ்டுடியோவில் 'ஆக்கும்' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. பிறகு வந்ததெல்லாம் டீக்கடை நாயர் வேஷம்தான். உள்ளூர் ஆட்கள் கைகொட்டிச் சிரிப்பதற்காக, தமக்கு நன்றாகத் தெரிந்த தமிழைத் தப்புத் தப்பாகப் பேசிச் சில காலம் பிழைத்தார்.

எனக்கு அவர் பழக்கமானது அதன் பிறகு. திருவனந்தபுரத்தில் ஒரு படக் கம்பெனி, ஒரே கதையை மலையாளத்திலும் தமிழிலும் சேர்த்து எடுத்தது. தமிழ் வசனம் எழுதுவதற்குக் குளத்தூர்க்காரனான என்னைப் பிடித்தார்கள். கதாநாயகனும் நாயகியும் மொழிக்கு மொழி வேறு ஆட்கள். தம்பி செய்த கொலையைத் தானே ஏற்று, தப்பி ஓடும்போது குண்டுபட்டுச் சாகும் தோணிக்கார அண்ணன் வேடத்துக்கு மட்டும் இரண்டிலும் ஒரே ஆள். தங்கையன் அண்ணன்.

சாகும் காட்சியைப் பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் மணல்திட்டில் எடுத்தோம். காலையில் மலையாளம் முடிந்தது. தமிழுக்கு என் வசனத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"எலே, சாவும்போ அம்மான்னு கூப்பிடுததுக்கு எழுதியிருக்கே. நம்ம ஊர்ல அம்மைன்னுல்லா விளிப்போம்?"

"மதுரைக்காரனுக்குப் புரியணுமே அண்ணா."

"சாவுதது நானாக்கும் மக்கா. மதுரைக்காரன் இல்ல."

அம்மை என்றுதான் சொன்னார். சொன்ன விதத்தில், வள்ளக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. அவர் 'கட்' சொல்ல மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.  அன்று மாலை அண்ணன் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

படம் வெளிவருமுன் எல்லைப் போராட்டம் சூடுபிடித்துவிட்டது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், தடியடி. பாறசாலைக் கூட்டத்தில் அண்ணனின் தம்பி செல்லத்துரையைப் போலீஸ் அடித்து இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் ஸ்டேஷன் வாசலில் பகல் முழுக்க நின்று, நடக்க முடியாத தம்பியைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊர் பார்த்தது. கம்பெனிக்கும் தகவல் போயிற்று.

மானேஜர் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். மானேஜர் மரியாதையாகவே பேசினார். "தங்கையா, ஒரு வாக்கு பறஞ்ஞால் மதி. இந்தப் போராட்டத்தில் எனக்குப் பங்கில்லை, அனுஜன் செய்தது தெற்று என்று பத்திரிகைக்காரரிடம் ஒரு வாக்கு."

அந்த ஆபீசில் அண்ணன் எப்போதும் மலையாளத்தில்தான் பேசுவார். அன்று தமிழில் சொன்னார். "அவன் செஞ்சது தப்புன்னு நான் சொன்னா, எனக்க அம்மை பேசினதும் தப்புன்னு ஆவும் சாரே. அது நம்மளக்கொண்டு ஆவாது."

மானேஜர் தலையாட்டினார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

தமிழ்ப் படம் வெளியே வரவே இல்லை. மலையாளப் படம் பாறசாலைக் கொட்டகைக்கு வந்தபோது, அண்ணனும் அவர் மனைவி லீதியாள் மைனியும் நானும் போனோம். பெயர்களில் அவர் பெயர் இல்லை. அவர் முகம் வந்தது, வாய் அசைந்தது, வேறு யாருடைய குரலோ கேட்டது. பூவார் மணலில் அவர் செத்தார். அந்த வேறு குரல் அம்மையைக் கூப்பிட்டது. மைனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அண்ணன் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

"நல்ல சத்தம். எனக்க சத்தத்த விட நல்லா உண்டு" என்றார், வெளியே வந்து.

வெளியே சுவரில், நம் போராட்டக்காரர்கள் சிலர் போஸ்டரில் அவர் முகத்தில் மட்டும் தார் பூசியிருந்தார்கள். மலையாளத்தானிடம் கூலி வாங்கியவராம்.

பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போனது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம், கேரளத்தில் கிடந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில், போராட்டத்தில் அடிபட்டவர்களுக்குப் பாராட்டு விழா என்று கேள்விப்பட்டு, அண்ணன் செல்லத்துரையைக் கூட்டிக்கொண்டு போனார். பந்தல் வாசலில் ஒரு தொண்டர் தடுத்தார்.

"எங்கேயிருந்து வாறிய?"

"பாறசாலை."

"அது கேரளால்லா? இது நம்ம ஆளுவளுக்குள்ள விழாவாக்கும்."

செல்லத்துரை சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நடந்தே வீட்டுக்குப் போயிரலாம்லே. அந்நிய நாடு அவ்வளவு பக்கத்துல ஆக்கும்" என்றாராம்.

கடைசி வருடங்களில் மலையாளப் படங்களில் அவருக்குக் கிடைத்தது 'பாண்டி' வேஷம். உதை வாங்கும் தமிழ் வேலைக்காரன். இந்த முறை மலையாளத்தைத் தப்புத் தப்பாகப் பேசவேண்டும். ஒரு படத்தில் படிக்கட்டில் உருண்டு விலா எலும்பில் அடிபட்டது. அதற்குப் பிறகு இருமல் விடவில்லை. பார்க்கப் போயிருந்தேன். "மாட்டேன்னு சொல்லக்கூடாதா அண்ணா?" என்று கேட்டேன். "விழுதத நல்லா விழணும் மக்கா. அதுல ஒருத்தனும் வேற ஆளப் போட முடியாதுல்லா?" என்றார். இருமலோடேயே இன்னும் இரண்டு படத்தில் விழுந்தார். ஐம்பது வயதைத் தொடவில்லை.

அடக்கத்துக்குப் படக் கம்பெனிகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. போராட்டப் பிரமுகர் ஒருவர் காரில் வந்தார். முற்றத்தில் பெட்டியின் தலைமாட்டில் நின்று, இழந்த தாலுகாக்களைப் பற்றிப் பேசினார், டெல்லியைப் பற்றிப் பேசினார், வரப்போகும் தேர்தலைப் பற்றிப் பேசினார். லீதியாள் மைனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அவரு நடிகராக்கும். அத யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

பிரமுகர் நிறுத்தினார்.  பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா, கூடையை வேலிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தார். அவர்தான் பேசினார். "நான் கொட்டகையில படம் கண்டிருக்கேன் அம்மோ. பூவார் மணல்ல இவரு சாவும்போ நான் எவ்வளவு அழுது கரைஞ்சேன்! அந்தச் சத்தம் இப்பவும் காதுல நிக்குது."

மைனி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அது யாருடைய சத்தம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டியை மூடும் நேரத்தில், சொந்தக்காரர் ஒருவர், சினிமாவில் நடித்த ஆளல்லவா என்று முகத்தில் பவுடர் பூசிவிட்டார். மைனி குனிந்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, நெற்றியிலிருந்து தாடை வரை அதை அழுத்தித் துடைத்தார். "இனி ஒருத்தனுக்காகவும் பூசாண்டாம்" என்றார். கறுத்து, மெலிந்து, அம்மைத் தழும்போடு, எந்தப் படத்திலும் யாரும் பார்த்திராத முகம் அது. அப்படியே மூடினோம்.

அண்ணா, நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோபத்தோடேயே போங்கள்.