மூன்றாவது ஓலைக்கு முன் ஒரு சிதம்பரப் பயணம்

"சாவாத ஜனங்களப் பத்தி எழுதுறியே தெரசு, இத யாரு நம்பப் போறாங்க?"

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் உபதேசியார், அதன் மாத இதழுக்கு நான் எழுதிய தொடர்கதையின் முதல் அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா இன்றும் ரேஷன் கடையில் கைநாட்டுதான் வைக்கிறார். நான் எம்.ஏ. முடித்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அதனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. "நம்ப வைக்கிறேன், பாருங்க" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒருவர் நம்பிவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவரைப் பார்க்கத்தான் 2012 மே மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போனேன்.

காலை 8.40. மணிக்கூண்டு நிறுத்தம் வரை அருள்ராஜ் மாமா தன் ஷேர் ஆட்டோவிலேயே கொண்டுவந்து விட்டார். அவர் என் தோழி மேரியின் கணவர். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் மேரியைக் கடல் கொண்டுபோனது. 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனவள். சுனாமிக்குப் பிறகு உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. ஏழு வருடம் தனியாக இருந்த மாமாவுக்கு இப்போதுதான் பண்ருட்டியில் ஒரு பெண் பார்த்து, வரும் புதன்கிழமை திருமணம் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பூசையில் அறிவிப்பார்கள். யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் போன ஞாயிறு, இரண்டாவது ஓலை முடிந்ததும், சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த மேரியின் அம்மா ஞானம்மா பெரியம்மா எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி. எம் பொண்ணு உசுரோட இருக்குறா."

சொல்லிவிட்டுத் துணிப்பையிலிருந்து ஒரு கட்டு பங்கு இதழ்களை எடுத்து நீட்டினார். பதினான்கு இதழ்கள். எல்லாவற்றிலும் என் தொடர்கதை.

பங்குத்தந்தை மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "சட்டப்படி தடை இல்லம்மா. ஆனா பெத்தவ அப்படி நின்ன பிறகு மூணாவது ஓலைய வாசிக்க எனக்கு மனசு வரல. அவங்க வாயால சரின்னு சொல்லட்டும்." ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தள்ளிப்போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

மாமா ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ படிச்ச பொண்ணு. எழுதுனது நீதான். நீயே போயி அது பொய்யின்னு சொல்லிட்டு வந்துடு. எனக்கு அவுங்க மொகத்தப் பாக்க தைரியம் இல்ல."

8.55. சிதம்பரம் பேருந்து. தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் இருபது ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "காலங்காத்தால எல்லாரும் நூறா நீட்டுனா நான் என்னா பேங்கா வச்சிருக்கேன்?" என்று கண்டக்டர் முனகிக்கொண்டே டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்தார். ஜன்னலோரம் கிடைத்தது. தொழிற்பேட்டையின் ரசாயன நெடி வந்ததும் வண்டியில் பாதிப் பேர் பழக்கமாக மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் முந்திரிப்பருப்புப் பையுடன். என் கையிலிருந்த இதழைப் பார்த்து என்ன புத்தகம் என்று கேட்டார். கதை என்றேன். என்ன கதை என்றார். சொன்னேன்.

உப்பனாற்றங்கரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். தாகத்தோடு வந்த வழிப்போக்கனுக்கு அந்த வீட்டுக்காரி கடைசிக் குடம் தண்ணீரைக் கொடுக்கிறாள். இந்த வாசற்படியைச் சாவு தாண்டாது என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சாவதில்லை. முதல் ஐம்பது வருடம் நன்றிப் பூசை வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிறகுதான் சிக்கல். மரணம் பிரிக்கும் வரை என்று வாக்குக் கொடுத்த கணவனும் மனைவியும் இருநூறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கோயிலில் எல்லோரும் உயிர்ப்பை நம்புகிறேன் என்று சொல்லும்போது இவர்கள் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற இவர்களுக்கு ஒரு குழிகூட இல்லை. அதனால் யாரும் வராத கல்லறைகளைத் தேடிப்போய்ச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தியைக் கடல் அடித்துக்கொண்டு போகிறது. அவளும் சாகவில்லை. திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப மாமியாக்காரியும் சாவவே மாட்டாளா?" என்றார்.

"மாட்டாங்க."

"அடி ஆத்தி! நல்ல வரம் குடுத்தான் போ!"

முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஆலப்பாக்கத்தில் இறங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சாலையின் இரு பக்கமும் டிசம்பர் புயல் முறித்துப் போட்ட சவுக்கும் முந்திரியும்தான். ஐந்து மாதமாகியும் சில மரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. சிலவற்றில் விழுந்தபடியே துளிர் விட்டிருந்தது. பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாக்கியத்தை மட்டும் அமைக்க முடியவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் திருச்சிக் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது மேரி, நாளைக்கு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா என்றாள். அவள் எட்டாவதோடு நின்றவள். நான் வெளியூரில் படிக்கிறவள் என்ற மிடுக்கோடு, "கடம்பா செஞ்சா வரேன்" என்றேன். கணவாய்க்கு எங்கள் பக்கத்தில் கடம்பா என்று பெயர். அதற்காகத்தான் அவள் மறுநாள் காலையில் தேவனாம்பட்டினம் போனாள். இதை அன்று வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

10.15. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கோபுரங்கள் தெரிந்தன. பேருந்து நிலையத்தில் ஆறு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, பத்து ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் அண்ணாமலை நகர் போனேன். பெரியம்மா அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை செய்கிறார். சுனாமிக்குப் பிறகு முதுநகரை விட்டு வந்தவர், மாதம் ஒருமுறை பூசைக்கு மட்டும் ஊருக்கு வருவார். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். "இங்க காத்துல உப்பு இல்ல, அதுவே போதும்" என்று ஒருமுறை சொன்னார். உண்மைதான். எங்கள் ஊரில் கொடியில் காயும் துணிகூடப் பிசுபிசுக்கும். இங்கே காற்று வறண்டு, சுத்தமாக இருந்தது.

சமையலறைப் பின்கட்டில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மின்வெட்டு. மூன்று பெண்கள் வியர்வையோடு அரிவாள்மணை முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாடி தெரசு! பாருங்கடி, இவதான். கதை எழுதுறவ. இவ அம்மாவுக்குப் பிரசவம் பாத்ததே நான்தான்."

பெருமை நிஜமாகவே அவர் முகத்தில் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் தயாரித்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன்.

"பெரிம்மா, கதைங்கறது ஒரு கற்பனை. அதுல வர்றவங்க..."

"நிறுத்துடி. எனக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது, புத்தி இருக்கு. கதை எது, நெசம் எதுன்னு நீ வந்து சொல்லித் தரணுமா?"

"அப்புறம் ஏன் கோயில்ல எழுந்து நின்னீங்க?"

"ஃபாதர் என்னா படிச்சாரு? தெரிஞ்சவங்க சொல்லணும்னாரு. நான் எழுந்தேன். நீ நாலாவது வரிசையில தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒக்காந்திருந்த."

இனி மழுப்ப வழியில்லை.

"அன்னிக்குக் கடம்பா கேட்டது நான்தான் பெரிம்மா."

"தெரியும்" என்றார். காய் நறுக்குவது நிற்கவில்லை. "எங்க வூட்ல யாரும் கடம்பா தொட மாட்டோம். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் எங்கூடத்தான இருந்தாங்க, அவ கூடைய எடுக்கும்போதே கேட்டேன், எதுக்குடி அவ்ளோ தூரம்னு. தெரசு வருதும்மா, கடம்பா கேட்டுச்சின்னு சொல்லிட்டுத்தான் போனா."

ஏழு வருடம். எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்த ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னிக்கு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு பாத்தேன். நீ கதையா எழுதுன. இங்க ஒரு பொண்ணு மாசாமாசம் படிச்சிக் காட்டுவா. எம் மவ சிரிப்பு வந்துச்சி. கொண்ட போடறது வந்துச்சி. நான் கல்லறைக்குப் போயி ஊரார் குழிக்கு சுண்ணாம்பு அடிக்கிறதுகூட வந்துச்சி. கடம்பா மட்டும் வரல. அதான் ஒன் கதையவே தூக்கிட்டு வந்து கோயில்ல நின்னேன்."

என் கதையில் அந்தப் பெண் பீடத்துக்குப் பூ வாங்கப் போகிறாள். அழகாக இருக்கும் என்று அப்படி எழுதியிருந்தேன்.

"என்னத் திட்டுங்க பெரிம்மா."

"கடம்பா கேட்டதுக்கா? புள்ள ஆசையா கேட்டுச்சி, இவ ஆசையா போனா. அதுக்கு எவ திட்டுவா? ஏழு வருஷமா எதிர்ல ஒக்காந்துக்கிட்டு வாயத் தொறக்கல பாரு, அதுக்குதான் திட்டணும்." கத்திரிக்காயைத் தண்ணீரில் தள்ளினார். "என்ன விடு. அருள்ராஜ நெனச்சிப் பாத்தியா? அவன் அன்னிக்குத் தூங்கிட்டான். தன் வாய்க்கு ருசியா ஆக்கிப் போடத்தான் மேரி தனியா போனான்னு இன்னி வரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கான். நான் ஒரு வார்த்தையில சொல்லிப்புடுவேன். ஆனா அது நான் சொல்றதில்ல."

மத்தியானம் விடுதிச் சாம்பாரும் கத்திரிக்காய்ப் பொரியலும் போட்டார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று கேட்டார். கடலில் போனவள் வீடு வந்து சேர்வாள், அந்த வீட்டில் யாரும் சாக மாட்டார்கள், அதுதானே கதையே என்றேன்.

"சாவ உடுடி அவங்கள."

"ஏன் பெரிம்மா?"

"நான் சாவப் போறவ. கடைசி நாள்ல ஆண்டவர் எழுப்புவாருன்னு நம்புறவ. நான் எழுந்து வந்து எம் மவளத் தேடுனா, அவ சாவாம ஒன் பொஸ்தகத்துலயே ஒக்காந்திருந்தா எங்க போயி சேர்றது? குழியே இல்லன்னு ஏழு வருஷமா அழுதேன். கடலே குழியா இருந்துட்டுப் போவட்டும். அங்கேருந்து எழுந்து வரட்டும்."

விசுவாசத்தைப் பற்றி பதினான்கு அத்தியாயம் எழுதியவள் நான். சாகாத வரம் கொடுத்து, அந்த வீட்டாரைச் செத்து உயிர்க்கப்போகிறவர்களிடமிருந்து பிரித்து வைத்துவிட்டேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "ஞாயித்துக்கெழம நான் வரேன். ஓலைய வாசிக்கச் சொல்லு. அதுக்கு முந்தி அவன்கிட்ட சொல்லிடு. வர்ற பொண்ணு, தூங்குனத நெனச்சி அழுவுற ஆம்பளையோட குடும்பம் நடத்த வாணாம்."

2.20. திரும்பும் பேருந்தில் கூட்டம் ஜாஸ்தி. பரங்கிப்பேட்டைக் கூட்டு ரோடு வரை நின்றுகொண்டே வந்தேன். வெள்ளாற்றில் மணல் திட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொடர்கதையை எழுதிய மாதங்களில் நான் ஒரு பெரிய காரியம் செய்வதாக நினைத்திருந்தேன். கைநாட்டு வைக்கும் வீட்டிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள், பங்கே படிக்கிறது என்று. எழுதத் தெரிந்ததால்தான் ஒரே ஒரு வாக்கியத்தை இத்தனை பக்கங்களுக்குள் மறைக்க முடிந்தது. என் அப்பாவால் அது முடிந்திருக்காது. அவர் மறுநாளே பெரியம்மாவின் வாசலில் போய் நின்று சொல்லியிருப்பார். கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும். அது இருக்கட்டும். புதுச்சத்திரம் தாண்டும்போது மாமாவுக்குப் போன் செய்து மணிக்கூண்டிலேயே நிற்கச் சொன்னேன்.

3.40. இறங்கியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மாமா சவாரி ஏற்றாமல் காத்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"மூணாவது ஓலை வாசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவங்களே ஞாயித்துக்கெழம வர்றாங்க."

சிலுவை போட்டுக்கொண்டார். உடனே சாவியைத் திருப்பினார். "ஏறு, வூட்ல உட்டுடறேன்."

"வண்டிய எடுக்காதீங்க மாமா. ஒண்ணு சொல்லணும்."

என் குரலைக் கேட்டு இன்ஜினை அணைத்தார். பின்சீட்டில் அல்ல, முன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு மேரி ஒங்களுக்கு மீன் வாங்கப் போவல மாமா. நான் கடம்பா கேட்டிருந்தேன்."

அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"கடம்பாவா?" என்றார்.

"ஆமாம் மாமா" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை கோயில் வாசலில் நான் அவளிடம் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன்.