நான் கேட்காத மன்னிப்பு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா வற்புறுத்தினார். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். புகழ்ந்து எழுதுவது சுலபம்தான். எனக்குத்தான் கை ஓடவில்லை.

அக்கா கொமரலிங்கத்தில் பிறந்தார். அமராவதியில் தண்ணீர் வந்தால் நெல் விளையும், வராத வருடம் அப்பா வாய் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் உடுமலைக்குப் பேருந்தில் போய்த் தையல் தொழிற்பயிற்சி படித்தார். வகுப்பில் முதலாவதாக வந்தவர், பயிற்சிக்குக் கம்பெனிக்குப் போன முதல் நாள் அரை மணி நேரத்தில் அழுதுவிட்டாராம். "வகுப்புல மெஷின் நமக்காகக் காத்துக்கிட்டிருக்கும் தம்பி. கம்பெனியில தையல் லைன் யாருக்கும் நிக்காது" என்பார்.

பின்னாளில் திருப்பூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியையாகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவிகளைக் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். மொபெட்டில் திடீரென்று போய் நிற்பார். தையல் கோணிப்போனால் மறைக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்கிறார்களா, பக்கத்தில் இந்தி பேசும் டெய்லரிடம் கையைக் காட்டியாவது கேட்டுக் கற்கிறார்களா என்று பார்ப்பார். மெஷின் ஓட்டத் தெரிவது பாதிப் படிப்பு, தெரியாததைக் கேட்க வாய் வருவது மீதிப் படிப்பு என்பது அவர் கட்சி.

எனக்குப் பெருமாநல்லூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் அக்கா ஒரு மாணவியை ஒரு மாதப் பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார். அப்போது ஷிப்மென்ட் நெருக்கடி. அந்தப் பெண்ணை மெஷினிலேயே உட்கார வைக்காமல் மாதம் முழுக்கத் தைத்த பனியன்களில் நீட்டி நிற்கும் நூல் பிசிர் வெட்ட விட்டேன். கடைசி நாளில் அவளுடைய பயிற்சி நோட்டில், 'ஓவர்லாக் மெஷின் ஓட்டினார்' என்று எல்லா நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரில் நடக்காததா என்று நினைத்தேன்.

அந்த நோட்டை நம்பி வேறொரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. மெஷினுக்கு நூல் கோக்கத் தெரியாமல் எல்லோர் முன்னும் விழித்து நின்றாள். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா நோட்டோடு நேரே என் கம்பெனிக்கு வந்தார்.

"இந்தக் கையெழுத்து உன்றதா தம்பி?"

"ஆமாங்க்கா."

"நான் ஒரு வருசமாச் சொல்லிக் குடுத்தத ஒரே மாசத்துல கெடுத்துப் போட்டியே! அந்தப் புள்ளைகிட்டப் போயி மன்னிப்புக் கேளு. கேக்காம எங்கூட்டுப் படி ஏறாத."

பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் முதலாளி மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு வீம்பு. இரண்டு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. பொங்கல் சீரைக்கூட என் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா வாங்கி வைத்தார், அக்கா பிரித்தே பார்க்கவில்லையாம். ஆனால் அந்தப் பெண்ணைத் தாமே மாலை வேளைகளில் பழக்கி, வேறு கம்பெனிக்கு மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார். இன்று அவள் நல்ல டெய்லர்.

அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "கேட்டியா?"

"கேட்டனுங்க்கா" என்று வாயில் வந்துவிட்டது.

"போதும் கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் பன்னிரண்டு நாள் என்னோடு வாய் ஓயாமல் பேசினார். பதின்மூன்றாம் நாள் போய்விட்டார். பொய் சொல்லித்தான் அந்தப் பன்னிரண்டு நாளையும் வாங்கினேன். ஒரு வருடமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தாங்கிப் பிடித்த செவிலியர்கள், தோள் கொடுத்த பங்காளிகள், கூட்டம் கூட்டமாக வந்து அழுத மாணவிகள் என அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன், போன வாரம் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுங்க சார்" என்றாள். "மேடம் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணுனாங்க. 'என்ற தம்பி வந்து மன்னிப்புக் கேட்டானாமே'ன்னு அத்தனை சந்தோசமாக் கேட்டாங்க. நானும், ஆமாங்க மேடம், வந்தாருங்கன்னு சொல்லிட்டனுங்க."

அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.