டார்ச் தனபாலின் கடைசி இதழ்

சிதம்பரத்திலிருந்து ஸ்டெல்லா போன் செய்தபோது முதுநகர் மீன் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். "மாமா, அப்பா காலையில போயிட்டாரு. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள். வாங்கிய சங்கரா மீனைக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சூசை சாரின் மகளான அவளே இதை எழுதுகிறாள்.

'டார்ச் தனபால்' மாத இதழை வாங்கிப் படித்தவர்கள் கடலூரில் இன்னும் இருப்பீர்கள். தனபாலுக்குத் துப்பாக்கி கிடையாது, அஞ்சு கட்டை பேட்டரி டார்ச் ஒன்றுதான். அதை வைத்தே கொலைகாரனைப் பிடிப்பான். கதை எழுதியதும் இதழை நடத்தியதும் சூசை சார். துறைமுகத்துப் பக்கம் இருந்த அவருடைய அச்சகத்தில் மிஷினைக் காலால் மிதித்து ஓட்டியவன் நான்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கதையையும் எனக்கு வாசித்துக் காட்டுவார். "படிச்சவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாத்துடுவான். உன்கிட்ட அந்தத் திருட்டுத்தனம் நடக்காது மச்சான்" என்பார். நான் பாதியிலேயே கொலைகாரனைச் சொல்லிவிட்டால் கதையைக் கிழித்துவிடுவார். ஒருமுறை, "சமையக்காரன்தானே சார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த மாத இதழ் ஒன்பது நாள் தாமதம். திட்ட வந்த புத்தகக் கடைக்காரரிடம் என்னைக் கைகாட்டி, "இந்தாளைக் கேளு. இவன் வாயாலதான் லேட்டு" என்றார்.

இன்னொரு முறை வாசிக்கும்போதே நிறுத்தினேன். "போன மாசம்தான் தனபாலுக்கு இடது கையில கத்தி இறங்குச்சு. இந்த மாசம் எப்படி சார் பனமரம் ஏறுறான்?" சார் பேனாவை மூடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், மை பரவியதைக்கூடப் பார்க்கவில்லை. அந்த இதழில் தனபால் ஏணியில் ஏறினான்.

வீட்டுக்கு வீடு டி.வி. வந்தபின் விற்பனை விழுந்தது. கடைசி இதழில் தனபாலைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார். "கடையை மூடுறோம். அவன் மட்டும் எங்க போவான்?" என்றார். அதை அச்சடித்துக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

சுனாமி அன்று, அச்சகத்துப் பின்னறையில் அடுக்கி வைத்திருந்த பழைய இதழ் அத்தனையும் சேறாகிப் போனது. தேடியும் வேறெங்கும் பிரதி கிடைக்கவில்லை. சார் சிதம்பரத்துக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த மாசமே ஒரு நீள நோட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "எல்லாம் உன் தலையிலதான் இருக்கு. சொல்லு மச்சான், எழுதிக்கிறேன்."

ஏழு வருடம், வியாழக்கிழமை தோறும் சொன்னேன். நடுவில் சிரிப்பார்: "இது நான் எழுதினதா? பரவால்லியே!" ஒரு வரி மாற்றிச் சொன்னதில்லை, கடைசிக் கதை வரும்வரை.

அதில், தனபால் தெற்கே கிள்ளை ஊர்ப் பக்கம் நீந்திக் கரையேறி, சட்டையைப் பிழிந்து காயப்போட்டான் என்றேன். சார் எழுதுவதை நிறுத்தினார்.

"இப்படியா முடிச்சேன்?"

"இப்படித்தான் சார்."

"அப்புறம் எதுக்கு மச்சான் ஒரு வாரம் என்கிட்ட பேசல?"

என் பதிலுக்குக் காத்திராமல் சார் நோட்டின் மேல் குனிந்து, "சட்டை இன்னா கலரு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டுகளை ஸ்டெல்லா புத்தகமாகப் போடப் போகிறாள். பழைய வாசகர் யாராவது முடிவு தப்பு என்றால், தப்பு என்னுடையது, சாருடையது அல்ல. இதை எழுதும்போது அவளும் கேட்டாள்: "அப்பா நெசமா இன்னா வார்த்தையில முடிச்சிருந்தாரு மாமா?"

தனபால் மூழ்கும் அந்த நாலு வரியும் ஒரு சொல் பிசகாமல் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சார் எழுதியதில் மற்றதெல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்த நாலு வரியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.