பெயின்ட் காயாத ஆப்பு

ரயில்வே சரக்கு யார்டில் பெட்டியோடு பெட்டியைக் கொக்கி போட்டு மாட்டுவது அவர் வேலை. சொந்தப் பேரை யாரும் சொல்வதில்லை; 'நக்கல்' என்றால் போதும். சாவு வீட்டுக்குப் போனாலும் பிணத்தைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார் என்பார்கள். அந்த வாய்க்கு அன்றாடத் தீனி அவர் மனைவி. அவள் நடந்தால் ஒரு கதை, சமைத்தால் ஒரு கதை. கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

யார்டுக்கு மேற்பார்வையாளர் அவளுடைய சொந்த அண்ணன்.

இரண்டு பெட்டிக்கு நடுவே ஆள் இறங்கும் முன் சக்கரத்தடியில் ஆப்பு வைக்க வேண்டும் என்பது விதி. மரத்தில் செய்த ஆப்புதான். சொருகிவிட்டால் பெட்டி நகராது. பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற விதி இது. ஆனால் பாதுகாப்புக் கமிட்டி வருகிறது, விபத்தில்லாத யார்டுக்கு ஷீல்டு என்று செய்தி வந்ததும், அண்ணன்காரர் இருந்த ஆப்பையெல்லாம் பொறுக்கி, பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்து, ஆபீஸ் வாசலில் வரிசையாகக் காயப் போட்டுவிட்டார்.

"ஆப்பு இல்லாம எப்படி மச்சான் உள்ள எறங்கறது?"

"தொட்டுடாத மாப்ள, பெயின்ட் காயல. கமிட்டி பாத்துட்டுப் போகட்டும். இன்னிக்கு ஒரு நாள் பாத்து எறங்கு."

"எனக்கு நீ வைக்காத ஆப்பா? உன் தங்கச்சியக் கட்டி வச்சப்பவே வச்சுட்டியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த தெம்பில் அவரும் இறங்கிவிட்டார். லேசான சரிவுதான். பெட்டி ஒரு முழம் உருண்டது. இடது பூட்ஸின் முன்பாதி சக்கரத்தடியில் போயிற்று.

மச்சான் ஓடி வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது காலை அல்ல, கமிட்டியின் கார் வந்துவிட்டதா என்று.

"மாப்ள, ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிடும். ஷீல்டும் போயிடும், என் வேலையும் போயிடும். வீட்ல அடிபட்டுச்சுன்னு சொல்லிடு. காலம் பூரா உன்ன நான் பாத்துக்கறேன்."

உயிர் போகிற வலி. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா கிடந்ததா? "உன் தங்கச்சி சிலிண்டரத் தூக்கிக் கால்ல போட்டுட்டான்னு சொல்றேன். ஊரே நம்பும்."

ஊர் நம்பியது. அவரைச் சரக்கு வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பூட்ஸைக் கத்தரித்து எடுத்து, இருட்டிய பிறகு ஒரு தனியார் டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். புண் சீழ் பிடித்து மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பழி அவள் தலையில் விழுந்தது. "கையில என்ன எண்ணெயா தடவியிருந்த?" என்று நாத்தனார் வாசலிலேயே நின்று கத்தினாள். சிலிண்டர் போடுகிறவன்கூட, "நானே உள்ள வச்சுடறேன்மா. சாருக்கு இன்னும் ஒரு காலாவது மிச்சம் இருக்கட்டும்" என்றான். "ஊர்க்காரங்ககிட்ட வேணாம், உங்க அக்காகிட்டயாவது உண்மையச் சொல்லுங்களேன்" என்று அவள் கெஞ்சினாள். "சொன்னா உங்கண்ணன் உள்ள போயிடுவான், பரவாயில்லையா?" என்றார் அவர்.

ஷீல்டு விழாவுக்குக் குடும்பத்தோடு அழைப்பு. 'வீட்டிலும் பாதுகாப்பு' என்ற தலைப்பில் நக்கலைப் பேசச் சொன்னார்கள். சபையைக் கண்டதும் மனிதருக்கு ஊன்றுகோல்கூட மறந்துவிட்டது.

"யார்டுல எத்தனையோ வண்டி. ஒண்ணும் என்னைத் தொடல. வீட்ல ஒரே ஒரு வண்டிதான், அதுக்குப் பிரேக் கிடையாது. அதோ, முதல் வரிசையில உக்காந்திருக்கு பாருங்க!"

மண்டபம் அதிர்ந்தது. அவள் தலையைக் குனியவில்லை. மேடையில் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்த கையோடு, ஒற்றைக் காலோடு யார்டில் வேலை இல்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அடிபட்டது வீட்டில், ஆகவே நஷ்ட ஈடும் கிடையாது, மாற்று வேலையும் கிடையாது. காலம் பூரா பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மச்சான் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். போன் அடித்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

வேறு வழியில்லாமல் நக்கல் தலைமை அலுவலகத்துக்குத் தத்தித் தத்திப் போய் உண்மையைச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் ஒருவருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி மனைவி. விசாரணை அதிகாரி வீட்டுக்கே வருவதாகச் சொன்னார்.

அன்று காலையில் நக்கல் முதன்முறையாக அவளிடம் குரல் தாழ்த்திப் பேசினார். "நான் போடலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம். அந்தப் பணம் வந்தாத்தான் நமக்குச் சோறு."

"ம்" என்றாள் அவள்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து நேராகக் கேட்டார். "சிலிண்டர் உங்க கையிலேர்ந்துதான் விழுந்துச்சாம்மா?"

அவள் கணவனின் மடித்துத் தைத்த பேன்ட் காலைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"விழல சார்."

நக்கலுக்கு மூச்சு வந்தது.

"நான்தான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

"பொய் சொல்றா சார்! ஐயோ, சத்தியமாப் பொய் சார்!"

"அன்னிக்கு மேடையில நீங்க சொன்னதும் இதத்தானேங்க? நானும் கீழ உக்காந்து கேட்டேனே" என்றார் அதிகாரி, பேனாவை மூடிக்கொண்டே. அன்றைய நினைப்பில் அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

நக்கல் ஊன்றுகோலை ஊன்றி எழப் பார்த்தார்.

"இருங்க சார், டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று அவள் அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனாள்.