உடன் தங்குவோர்: இல்லை

எங்கள் ஊர் பாகூர்க் கொம்யூன் என்னும் ஆட்சிப் பிரிவின் தென்கோடி. ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஓடியது. இக்கரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, அக்கரையில் ஆங்கிலேயர் ஆட்சி. பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் எங்கள் சனங்கள் அந்த ஆற்றைப் பொருட்படுத்தியதில்லை. சட்டம் பொருட்படுத்தியது. அக்கரையிலிருந்து வந்து தங்குகிறவர் அந்நியர். அவருடைய பெயர், ஊர், வந்த நாள், போகும் நாள் ஆகியவற்றை வீட்டுக்காரர் மூன்று நாளுக்குள் மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் வந்தவரை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் விசாரணைக்கு நிற்க வேண்டும்.

அந்தத் தாள் பிரெஞ்சில் இருந்தது. பட்டணத்துக் கல்லூரியில் படித்துத் தேறியவன் எங்கள் ஊரில் நான் ஒருவனே. அரசுப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். பள்ளி விட்டதும் மேரியின் தாழ்வாரத்தில் அமர்ந்து ஊராருக்கு அந்தத் தாள்களை எழுதிக் கொடுப்பேன். அதற்காக எவரிடமும் எதுவும் பெற்றதில்லை. என் கையால் எழுதிய தாள் பிழையென்று திரும்பியதில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பெருமையை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை; பின்னால் நடந்தது அதனால்தான் நடந்தது.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக் குடியானவர் ஒருவர், கரும்பு வெட்டுக்கு வந்த தம் மைத்துனரை இரண்டு வாரம் தாளின்றித் தங்கவைத்துவிட்டார். தாழ்வாரத்தில் பத்துப் பேர் இருக்கும்போது அவரைக் கேட்டேன்.

“மச்சானுக்குச் சோறு போடத் தெரியுது. ஒரு தாள் குடுக்கத் தெரியலையா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மறந்துட்டேன் வாத்தியாரே” என்றார்.

“மறக்கிறவன் விருந்தாளியைத் தங்க வைக்கக் கூடாது” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு கௌரவம் என்று அப்போது எண்ணினேன்.

யுத்தம் தொடங்கிய மறு ஆண்டு ஆவணியில் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளை அக்கரையில் கொடுத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் வழக்கம். அவள் கணவரும் உடன் வந்து நான்கு நாள் தங்கினார். மறுநாளே அவருக்கான தாளை எழுதினேன். அதன் நடுவில் ஒரு வரி: உடன் தங்குவோர். அங்கே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை என்று இன்று சொன்னால் நம்புவார்கள். ஆனால் பேனா அந்த வரியில் சற்று நின்றது. இதே வீட்டில் பிறந்து, நான் தோளில் தூக்கித் திரிந்த பெண்ணை அந்நியர் என்று எழுதுவதா? ஊரில் எவரும் மகளுக்குத் தாள் கொடுத்ததில்லை. நானும் எவரையும் கேட்டதில்லை. தாலி ஏறிய அன்றே சட்டப்படி அவள் அக்கரைக் குடியாகிவிட்டாள் என்பது படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

ஐப்பசி மழையில் மேரிக்குப் புதிய உத்தரவு வந்தது. அதை ஊராருக்குத் தமிழில் சொல்லும்படி அங்கிருந்த எழுத்தர் என்னைக் கேட்டுக்கொண்டார். தாழ்வாரம் நிறைய ஆட்கள். நான் நின்றபடி பிரெஞ்சைப் பார்த்து வரி வரியாகத் தமிழில் சொல்லிவந்தேன். மூன்றாம் பத்திக்குக் கண் போனதும் வாய் நின்றது. அந்நியரை மணந்த பெண், தாய்வீட்டில் தங்கினாலும் அந்நியரே. தாளில்லாமல் தங்கியிருப்பவர் உடனே எல்லைக்கு அப்பால் அனுப்பப்படுவார். வீடு வீடாகச் சோதனை நடக்கும். பொய்த் தாளில் கையெழுத்திட்டவர் அரசுப் பணியில் இருந்தால் பணியை இழப்பார்.

அந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம் என்று எண்ணியது உண்மை. ஆனால் இரு மொழியும் அறிந்த எழுத்தர் பக்கத்திலேயே நின்றார். சொல்லி முடித்தேன்.

“அப்போ அந்தாண்ட கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த வூட்டுக்கு வந்தாலும் தாளா வாத்தியாரே?” என்று கேட்டார் கரும்புக் குடியானவர்.

“ஆமாம்.”

“ரெண்டு மாசமா இருந்தா இன்னா பண்றது?”

என்னைப் பார்த்து அவர் கேட்கவில்லை; மழையைப் பார்த்துக் கேட்டார். “விசாரிச்சுச் சொல்றேன்” என்றேன். அந்தத் தாழ்வாரத்தில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

“ஒம்போது மாசத்துப் புள்ளத்தாச்சிய ஆத்துல எறக்கச் சொல்றியா? வெள்ளம் எப்பிடிப் போவுது, பாத்தியா?”

“இறக்கச் சொல்லலைம்மா.”

“அப்போ போயி எழுதிக் குடுத்துட்டு வா.”

“இப்போ எழுதினா முன்னே கொடுத்தது பொய்னு ஆயிடும். என் வேலை போகும். இவளையும் அனுப்பிடுவாங்க.”

“அப்போ எழுதாத.”

“சோதனைக்கு வருவாங்க. வராமப் போனாலும், குழந்தை பிறந்தா மேரியில பதியணும். தாய் பேரைக் கேப்பாங்க.”

அம்மா, “அவ்ளோ படிச்சியேடா, ஒரு வழிகூடவா இல்ல?” என்றாள்.

அதன்பின் ஒரு வாரம் தெருக்கதவைத் திறந்து வைக்கவில்லை. தங்கை கொல்லைக் கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தினோம். வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை இருந்தன. பிரசவம் ஆகும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது. போலீஸ்காரரின் சைக்கிள் தெருவில் வரும்போதெல்லாம் அவள் ஓசை எழாதபடி ஒரு கையால் மறு கையின் வளையல்களைப் பிடித்துக்கொள்வாள். அது போதாதென்று நான் பழைய வேட்டியைக் கிழித்து இரு கைகளிலும் சுற்றிவிட்டேன். அவள் கைகளை நீட்டியபடியே சொன்னாள்: “நான் இன்னா திருட்டு நகையாண்ணா, துணி சுத்தி வெக்க?”

பள்ளியில் பாடம் நடத்தும்போதும் என் காது அந்த வளையல்களின் ஓசையையே தேடிக்கொண்டிருந்தது.

சோதனை அடுத்த தெருவுக்கு வந்த அன்று எழுத்தரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் பதறவில்லை.

“முசே வாத்தியாரே, பழைய தாளைத் தொட வேணாம். அப்போ உங்க தங்கச்சி வரலை. நேத்துதான் வந்தாங்க. புதுசா ஒண்ணு எழுதுங்க. ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சி வெச்சாப் போதும்.”

உள்ள பொய்யைக் காக்க இன்னொரு பொய். எழுதினேன். வீட்டுக்காரருக்கு உறவு: தங்கை. குடியுரிமை: அந்நியர். வந்த நாள்: நேற்று. எழுத்து வழக்கம்போல் ஒழுங்காகவே விழுந்தது.

சாட்சிக்கு, ஆவணியில் தங்கை வண்டியில் வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. வேறொருவரிடம் போனால் செய்தி இன்னொரு வீட்டுக்குப் பரவும். கரும்புக் குடியானவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“பாப்பா எப்போ வந்துச்சின்னு எழுதியிருக்கீங்க?”

“நேற்று.”

“ஆமாமா, நேத்துதான். ஆத்துல ஆள் ஒசரத்துக்குத் தண்ணி, பரிசல்கூட விடல. நீஞ்சியே வந்துச்சி போல.” உள்ளே அவர் மனைவி சிரிப்பதும் உடனே அடக்கிக்கொள்வதும் கேட்டது. “முன்னாடியே எழுத மறந்துட்டீங்களா வாத்தியாரே?”

“மறந்துட்டேன்” என்றேன்.

அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். அதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அதன்பின் எத்தனை பேர் எத்தனை தாளை மறந்தாலும் என்னால் எவரையும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ்காரர் தாளோடு வந்தார். தங்கை கூடத்தில் வந்து நின்றாள்.

“இவங்கதானா அந்த அந்நியப் பொம்பள?”

“ஆமாம்” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நாங்கள் தப்பிவிட்டோம் என்று அம்மா சாமி படத்துக்கு முன் நின்றாள். தங்கை கையிலிருந்த துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, மடித்து, என் மேசைமேல் வைத்தாள்.

பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அவள் புறப்பட்டாள்; போகும் நாளையும் எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவள் வராமல் இல்லை. பொங்கலுக்கு வந்தாள், காதுகுத்துக்கு வந்தாள். விடிந்ததும் வருவாள், விளக்கு வைப்பதற்குள் புறப்பட்டுவிடுவாள். மூன்று நாள்வரை தாள் வேண்டியதில்லையே என்று ஒருமுறை சொன்னேன். “எதுக்குண்ணா, ஒனக்கு வீண் எழுத்து வேல” என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிறகு ஆற்றின் இரு கரையிலும் வெள்ளையர் கொடிகள் இறங்கின. தாள் கேட்பார் எவருமில்லை. அம்மா இறந்த அன்றும் அவள் வந்தாள். மாடுகளை அவிழ்க்க வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் அவள் சொன்னது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.