இடக்காதில் கொலை, வலக்காதில் மருந்துச்சீட்டு

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவரின் இரண்டு காதுகளும் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்பது முதலாளியின் கொள்கை. மருந்தக்கா அக்கொள்கையில் சரிபாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார். வலக்காது கடைக்கு; இடக்காது கொலைக்கு.

அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள்கூட அவரை மருந்தக்கா என்றுதான் அழைத்தார்கள். பெயர் சொல்லி அழைப்பவர் அவருடைய கணவர் ஒருவரே; அவரும் கோபம் வந்தால் மட்டுமே அழைப்பார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கடையின் முந்நூறு இழுப்பறைகளில் எது எங்கே இருக்கிறது என்பதை மருந்தக்காவின் கை அறியும். கண்ணுக்கு அதில் வேலையில்லை. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது காலாவதித் தேதி மட்டும் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வார். மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போனதைப் போன்ற மருத்துவர் கையெழுத்தை, செய்தித்தாள் வாசிப்பதுபோல வாசித்துவிடுவார்.

இத்தகைய பெண்மணிக்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அவருடைய தங்கை ஒரு பாட்காஸ்டை அறிமுகப்படுத்தி வைத்தாள். உண்மையில் நடந்த குற்றங்களை யாரோ ஒருவர், குளிர்ந்த குரலில், பகுதி பகுதியாகச் சொல்லும் தொடர் அது. முதல் வாரம் ஒன்று கேட்டார். இரண்டாம் மாதம் முப்பது முடித்திருந்தார். இப்போது எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. மின்தூக்கி பழுதுபார்க்கும் கணவர், எந்தக் கணவரை எந்த மனைவி எதில் கலந்து கொன்றாள் என்பதை நாள்தோறும் கேட்டறிந்ததன் பயனாக, ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டார்.

"நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு," என்பார்.

"உங்களைக் கொன்னு எனக்கு என்னங்க கிடைக்கப் போகுது?"

"அதைத்தான் அந்த ஏழாவது எபிசோடுலயும் அவ கேட்டா."

தான் கேட்பதோடு நிறுத்தியிருந்தால் இக்கதைக்கு வேலையே இருந்திருக்காது. பிடித்ததைப் பிறருக்குப் பரிந்துரைக்காமல் இருக்க முடியாத பிறவி மருந்தக்கா. அதிலும், இருபத்தாறு ஆண்டு மருந்து கொடுத்த கை வெறுமனே பரிந்துரைக்குமா? அளவு சொல்லித்தான் பரிந்துரைத்தது.

பள்ளித் தலைமையாசிரியை ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்து, இடக்காதில் செருகியிருப்பது என்ன என்று கேட்டார். மருந்தக்கா அவரை மேலும் கீழும் பார்த்து, நோயாளியின் உடல்வாகை எடைபோட்டார்.

"டீச்சர், உங்களுக்கு எடுத்த எடுப்புலயே ரத்தம் வேண்டாம். காணாமப் போன கேஸா ஆரம்பிப்போம். 'கதவு திறந்தே இருந்தது'ன்னு ஒண்ணு இருக்கு. எட்டு எபிசோடு. கடைசி வரைக்கும் பொணமே வராது."

"பொணமே இல்லாம அது என்னம்மா கொலைத் தொடர்?"

"ஒடம்புக்குப் பழகணும் இல்லையா? ஒத்துக்கிட்டா அடுத்த மாசம் 'ஈரச் செருப்பு' தர்றேன்."

மாத்திரை போட்டுக் கொடுக்கும் சிறிய காகித உறை ஒன்றை எடுத்தார். காலை, பகல், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சிட்ட உறை. தொடரின் பெயரை மேலே எழுதி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கட்டங்களில் குறித்து, "சாப்பிடும்போது கேக்காதீங்க," என்று சொல்லி நீட்டினார். தலைமையாசிரியை அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். இருமல் மருந்தை மறந்து விட்டுப் போனார்.

அன்று முதல் அதுவே முறையாயிற்று. புதிதாக மணமானவர்களுக்குக் கணவன் மனைவி வழக்குகள் கிடையாது. வாடகைக்கு அறை விட்டிருப்பவர்களுக்குக் குடியிருந்தவர் காணாமற்போன கதைகள் கிடையாது. தூக்கம் வராதவர்களுக்கு நீதிமன்ற விசாரணை மட்டுமே வரும் தொடர் ஒன்று. இரண்டாம் வழக்கறிஞர் வாயைத் திறப்பதற்குள் உறங்கிவிடலாம். முதலாளிக்கு ஒரே ஓர் ஐயம்தான் இருந்தது: மாத்திரை விற்பதைவிட உறை ஏன் வேகமாகத் தீர்கிறது?

ஓராண்டுக்குள் அத்தெருவில் சாதாரண மனிதர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை, எல்லாரும் புலனாய்வாளர்கள். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியைக் காதருகே நிறுத்தி, "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை வெட்டமாட்டார். பள்ளியில் சுண்ணக்கட்டி ஒரு பெட்டி குறைந்ததற்குத் தலைமையாசிரியை சுவரில் படம் வரைந்து, சிவப்பு நூலால் ஆறு ஆசிரியர்களை இணைத்தார். ஏழாவது ஆசிரியர், தம்மை யாரும் ஐயப்படவில்லையே என்று வருந்தினார்.

இந்நிலையில் முதலாளி, மருத்துவமனை வாசலுக்கு எதிரே இரண்டாவது கடை திறக்க முடிவு செய்தார். அதன் பொறுப்பு மருந்தக்காவுக்கா, முதலாளியின் அக்கா மகனுக்கா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக அறிவித்தார். அக்கா மகன் மருந்துச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்தும் அதே அளவுக்குப் புரிந்துகொள்ளக் கூடியவன். ஆகவே, மருந்தக்கா நம்பிக்கையோடு இருந்தார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கடையைத் தம் கையால் திறக்க வேண்டும். முதுகு சாய்த்துக்கொள்ள ஒரு நாற்காலி வேண்டும். எந்த மருந்தை எவ்வளவு வாங்கி வைப்பது என்பதை ஒருமுறையாவது தாமே முடிவு செய்ய வேண்டும். ஐம்பது வயதைத் தொடும் ஒருவர் இருபத்தாறு ஆண்டு முக்காலியில் அமர்ந்த பிறகு விரும்பத் தகாதவையா இவை?

அதற்கு முந்தைய சனிக்கிழமை, அளவையர் வந்தார். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், அங்குலம் பிசகாதவர். உப்பைக்கூடக் கரண்டியின் விளிம்பைத் தட்டித்தான் போடுவார். மருத்துவர் அவருக்கு இரத்தக் கொதிப்புக்குப் புதிய மாத்திரை எழுதியிருந்தார்.

"மாத்திரையோட, எனக்கும் ஒரு கதை எழுதிக் குடும்மா. வீட்டுல மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடறாங்க. சுவரையே எவ்வளவு நேரம் அளக்கறது?"

கடையில் கூட்டம் நெருக்கியது. இடக்காதில் வேறொரு தொடரின் இறுதிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கொலையாளியின் பெயர் வரப்போகும் நிமிடம். மருந்தக்கா இரண்டு உறைகளை எடுத்தார், எழுதினார், கொடுத்தார். அளவையர் இரண்டையும் ஒரே அளவில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை, முடிதிருத்தும் கடை நாற்காலியில் அமர்ந்திருந்த அளவையர், பாதிச் சவரத்தில் கண் இருண்டு சரிந்தார். நல்லவேளையாக மருத்துவர் இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருந்தார். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்ததில் கண் திறந்தார். ஆபத்தில்லை என்றும், இரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடப்பதாகவும் மருத்துவர் சொன்னார். ஆபத்தில்லை என்னும் பகுதியைத் தெரு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிதிருத்துபவர் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டினார். அளவையர் தண்ணீர் குடித்த குவளையை நெகிழிப் பையில் இட்டு முடிந்தார். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த தலைமையாசிரியை, அளவையர் கடைசியாக என்னென்ன உண்டார் என்று மணிவாரியாக எழுதினார். உண்டதெல்லாம் மருமகள் சமைத்தவை. அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? பதினொரு மணிக்குள் ஊர்வலமாக மருந்துக்கடைக்கு வந்துவிட்டார்கள். இறுதித் தீர்ப்பைத் தலைமை நிபுணர்தானே சொல்ல வேண்டும்?

"அக்கா, மெதுவா கொல்ற விஷம். நீங்க சொன்ன 'ஈரச் செருப்பு' கேஸ் அப்படியே," என்றார் முடிதிருத்துபவர். "மாமனார் பேர்ல இன்சூரன்ஸ் இருக்கான்னு மட்டும் பாத்துட்டா முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணு அழவே இல்லை தெரியுமா?" என்றார் தலைமையாசிரியை. "அழாதவங்களைத்தான் முதல்ல பாக்கணும்."

"அழுதா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அலுவலக அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கையில் ஒரு பை.

"அழுதிருந்தா நடிப்புன்னு சொல்லியிருப்பீங்க. நகருங்க. அக்கா, மாமா என்ன மாத்திரை, எவ்வளவு சாப்பிட்டாருன்னு டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. வீட்டுல இருந்ததை எல்லாம் அள்ளிட்டு வந்துட்டேன்."

பையை மேசைமேல் கவிழ்த்தாள். இரண்டு உறைகள் விழுந்தன. மருந்தக்கா முதலாவதை எடுத்தார். உள்ளே மாத்திரை அட்டை இருந்தது. மேலே, அவருடைய சொந்தக் கையெழுத்தில், 'பூட்டிய அறையில் மூவர்' என்றும், காலை ஒன்று, இரவு ஒன்று என்றும் எழுதியிருந்தது. இரண்டாவதைத் திறந்தார், வெற்றுறை. அதன்மேல் மாத்திரையின் பெயரும், இரவு மட்டும் அரை என்பதும்.

இரவில் அரை மாத்திரை விழுங்க வேண்டிய மனிதர், ஐந்து நாள்களாக, நாளுக்கு இரண்டு முழு மாத்திரைகள் விழுங்கியிருக்கிறார்.

நான்கு ஆண்டுகளில் மருந்தக்கா கேட்ட குற்றவாளிகள் அத்தனை பேரும், தடயத்தை ஒழிக்கத் தெரியாமல்தான் அகப்பட்டார்கள். ஆற்றில் எறிந்தார்கள், தோட்டத்தில் புதைத்தார்கள். இங்கோ, காலடியில் இருந்த குப்பைக்கூடையில் இதே போன்ற உறைகள் நூறு கிடந்தன. கை விரலைத் தளர்த்தினால் போதும். ஊர்வலம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு அருகில் முதலாளி நின்றிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை.

மருந்தக்கா இடக்காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரும் விஷம் வைக்கலை. நான்தான் கவரை மாத்திக் குடுத்துட்டேன். முதல்ல டாக்டருக்குப் போன் போடணும்."

போன் போட்டார். மாத்திரையின் பெயர், அளவு, நாள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் மருத்துவர் அவருக்குச் சொன்னவை கடை முழுவதும் கேட்டன. அவற்றை எழுத்தில் இடுவது முறையன்று.

அவர் தொலைபேசியைக் கீழே வைத்ததும், கடையில் ஓர் ஏமாற்றம் பரவியது.

"அக்கா," என்று முடிதிருத்துபவர் குரலைத் தாழ்த்தினார், "நீங்க யாரைக் காப்பாத்தறீங்க?"

"யாரையும் இல்லைப்பா. நான் பண்ணின தப்பு."

"சும்மா இருங்க. முதல்ல ஒத்துக்கறவங்க குற்றவாளியா இருக்கவே மாட்டாங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்றார் தலைமையாசிரியை. "சரி, உங்க நோக்கம் என்ன? சொல்லுங்க பாப்போம்."

"நோக்கம் ஒண்ணும் இல்லை டீச்சர். கவனம் இல்லை. அவ்வளவுதான்."

"கவனக்குறைவா? அதை எவன் பத்து எபிசோடு உக்காந்து கேப்பான்?"

செய்த குற்றத்தைச் செய்ததாக நிறுவுவதற்கு மருந்தக்கா அன்று பட்ட பாட்டை, செய்யாத குற்றத்திலிருந்து மீள எவரும் பட்டிருக்கமாட்டார். உறைகளைக் காட்டினார், கையெழுத்தை ஒப்பிட்டுக் காட்டினார். கையெழுத்தை எவரும் போலியாக எழுதலாம் என்று அவரிடமே பாடம் நடத்தினார்கள். அவரை நம்பியவள் ஒருத்திதான்.

"நான் நம்பறேன்," என்றாள் மருமகள். "ராத்திரியானா மாமா காதுல போனை வெச்சுக்குவாரு. பாதிக் கதையில அணைச்சிடுவாரு. ஏன் மாமான்னா, 'அரைதான் எழுதியிருக்கு, மீதி நாளைக்கு'ம்பாரு. மாத்திரை இருந்த கவர்ல போட்டிருந்தது மாத்திரைக்கு, வெறும் கவர்ல போட்டிருந்தது கதைக்குன்னு எடுத்துக்கிட்டிருக்காரு. புத்தி பிசகிடுச்சோன்னு நானும் என் வீட்டுக்காரரும் தனியா உக்காந்து பயந்தோம்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இப்பப் போதுமா? அந்தக் குவளையைக் குடுங்க. அது எங்க வீட்டுது."

முடிதிருத்துபவர் நெகிழிப் பையைத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

மறுநாள் முதலாளி மருந்தக்காவை மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அழைத்தார்.

"சாவியை உன்கிட்டத் தரலாம்னுதான் இருந்தேன். நீ பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியுங்க."

"இப்பத் தந்தா டாக்டர் என்னைச் சும்மா விடுவாரா? அவனுக்கே குடுத்துட்டேன். காதுல எதுவும் மாட்டற பழக்கம் அவனுக்கு இல்லை."

சொல்வதை வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இல்லை என்பதை மருந்தக்கா சொல்லவில்லை. "சரிங்க," என்றார். பெட்டி ஒன்றின் காலாவதித் தேதியைப் படிப்பதுபோல் சற்று நேரம் திரும்பி நின்றுவிட்டு, முன்னறைக்கு வந்தார்.

முக்காலியில் அமர்வதற்குள் முடிதிருத்துபவர் தலையை நீட்டினார். "அக்கா, உங்களுக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னு தெருவே பேசுது. உண்மையான ஆளை நாங்க கண்டுபிடிக்காம விடமாட்டோம். முதலாளியோட அக்கா மகன் சனிக்கிழமை எங்க இருந்தான்னு விசாரிச்சுட்டிருக்கோம்."

"போய்ப் பாதியில விட்ட சவரத்தை முடிப்பா," என்றார் மருந்தக்கா.

அவர் நகர்ந்த இடத்தில் மருமகள் நின்றாள். மருத்துவர் புதிதாக எழுதிய சீட்டை மேசைமேல் வைத்தாள். மருந்தக்காவின் காதுகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. அட்டையை நறுக்கி, மாத்திரையை அரையாக வெட்டி, உறையிலிட்டு, எழுதி, எழுதியதை உரக்கப் படித்தார்.

"ராத்திரி மட்டும். அரை மாத்திரை. சாப்பிட்ட பிறகு."

மருமகள் உறையை வாங்கிச் சீட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் மேசைமேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தடவை."

வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். மருந்தக்கா அவரைப் பொருட்படுத்தாமல், உறையை மருமகளின் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, மூன்றாம் முறையும் படித்தார்.